உட்கார்ந்து கணக்கிடும் தகப்பன்





ஹைதராபாத்திலே குடியேறியிருக்கிற நம்முடைய தமிழ்க் குடும்பங்களைச் சந்திக்கும்போது, அநேக பெற்றோர் ஒரே விதமான கேள்வியை என்னிடத்தில் கேட்கிறார்கள். "ஐயா, பையன் லேப்டாப்பில் ராம் கூட்டிப் போட வேண்டும் என்கிறான். கேம் நின்று நின்று ஓடுகிறதாம். வாங்கிக் கொடுக்கலாமா? அது பாவமா?" அந்த லேப்டாப் பெரும்பாலும் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கினது. அன்று பள்ளிச் சிறுவனாயிருந்தவன் இன்று இன்டர் அல்லது பி.டெக். படிக்கிற வாலிபன்.

இந்தக் கேள்வி சிறியதென்று எண்ணாதிருங்கள். சில வீடுகளில் இதனால் தகப்பனும் மகனும் வாரக்கணக்கில் பேசிக்கொள்வதில்லை. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் போதித்தார். நச்சரிப்பு தாங்காமல் பணத்தைக் கொடுக்கிற தகப்பனும் உட்காருகிறதில்லை. கேட்டவுடனே "கூடாது" என்று எரிந்து விழுகிற தகப்பனும் உட்காருகிறதில்லை. ஆகையால் இந்த மாதம், மகனோடு உட்கார்ந்து மூன்று காரியங்களைக் கணக்கிடும்படி உங்களை அழைக்கிறேன்.

முதலாவது, இயந்திரத்தைக் கணக்கிடுங்கள். ராம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பொருட்களைப் பரப்பி வைக்கும் மேஜையைப் போன்றது. பொருட்களைப் பூட்டி வைக்கும் அலமாரி வேறு. மேஜை சிறியதானால், அடிக்கடி அலமாரிக்கு எழுந்து போய்வர வேண்டியதாயிருக்கும். அப்பொழுது ஆட்டம் நின்று நின்று ஓடும். ஆனால் ஆட்டம் தடைப்படுவதற்கு மேஜை மாத்திரமே காரணமல்ல. மகன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தால் ராம் போதவில்லை என்பது மெய். மெமரியில் இடமிருக்க, கிராபிக்ஸ் மாத்திரம் நூறு சதவீதத்தில் நின்றால், ராம் வாங்கிப் போடுவது பெரும்பாலும் வீண் செலவு. பெரும்பாலான லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப்பை மாற்ற முடியாது. பழைய ஹார்டு டிஸ்க், தூசி அடைத்த விசிறி, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற புரோகிராம்கள் ஆகியவைகளும் ஆட்டத்தைத் தாமதப்படுத்தும்.

8 ஜி.பி. ராம் உள்ள, தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப்பில், அந்த 8-லிருந்தே கிராபிக்ஸும் தன் பங்கை எடுத்துக்கொள்ளுகிறது. அப்படிப்பட்டதில் இன்னொரு 8 ஜி.பி. துண்டைச் சேர்த்தால், இரண்டு துண்டுகளும் இணைந்து வேலை செய்வதால், மெய்யாகவே பலன் தெரியும். ஆனால் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவைகளில் காலி ஸ்லாட்டும் இல்லாவிட்டால் கூட்டவே முடியாது. டி.டி.ஆர். 4 இருக்கிற இடத்தில் டி.டி.ஆர். 5 பொருந்தாது. இவைகளை அறிந்துகொண்டே செகந்திராபாத் பார்க்லேனில் இருக்கிற சினாய் டிரேட் சென்டருக்குப் போங்கள். சி.டி.சி. என்று நம் பிள்ளைகள் சொல்லுகிற அந்தக் கட்டிடத்தில் கடைகள் நெருக்கமாயிருப்பதால், இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்கலாம். பழைய விலையை நம்பிப் போகாதிருங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி மையங்கள் மெமரி சிப்புகளை வாங்கிக் குவித்ததினால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் விலை வெகுவாய் ஏறிற்று. அவ்வருடம் டிசம்பரில், மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் என்னும் பிராண்டையே கைவிடுவதாக அறிவித்தது.

இரண்டாவது, விளையாட்டைக் கணக்கிடுங்கள். விளையாட்டு தன்னிலே பாவமல்ல. சகரியா 8-ஆம் அதிகாரத்தில், தேவன் எருசலேமைத் திரும்பக் கட்டுவதாக வாக்குப்பண்ணும்போது, அதன் வீதிகளில் சிறுவரும் சிறுமிகளும் விளையாடுவதையும் ஆசீர்வாதத்தின் அடையாளமாகக் காண்பிக்கிறார். நம்முடைய பிள்ளைகளுக்கோ வீதி இல்லை. குக்கட்பள்ளியிலும் மியாப்பூரிலும் நான்காம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பள்ளியில் தெலுங்கும், வெளியில் இந்தியும் பேசுகிற பிள்ளை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திருநெல்வேலியிலிருக்கும் சித்தப்பா மகனோடு தமிழில் சிரித்துப் பேசி விளையாடுகிறான். நீங்கள் தடுப்பது விளையாட்டை மாத்திரமா, அல்லது அவனுக்கு மீதியாயிருக்கிற ஒரே தமிழ்க் கூட்டாளியையுமா என்று விசாரித்து அறியுங்கள்.

ஆயினும் எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. ஜி.டி.ஏ. 5 போன்ற விளையாட்டு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே உரியதென்று ஐரோப்பாவில் முத்திரையிடப்பட்டிருக்கிறது. அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அனுமதிக்கலாகாது. பணம் கட்டி ஆடும் ஆட்டம் எதுவானாலும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. தெலங்கானா அரசு 2017-லேயே ஆன்லைன் சூதாட்டத்தைத் தடைசெய்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தக் காரியத்தில் பேரம் பேச இடமே இல்லை.

மூன்றாவது, பிள்ளையின் இருதயத்தைக் கணக்கிடுங்கள். எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு உரிமை இருந்தாலும் எதற்கும் நான் அடிமையாகமாட்டேன் என்ற கருத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலிலே, விளையாட்டு அடிமைத்தனமும் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பார்க்கிலும் விளையாட்டே பிரதானமாகிவிடுதல், கேடு விளைகிறதை அறிந்தும் தொடர்ந்து ஆடுதல். இவை சாதாரணமாய் ஒரு வருடமளவும் நீடித்து, படிப்பையும் உறவையும் கெடுத்திருந்தால்தான் அது நோய். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் விளையாடுகிற பிள்ளையை நோயாளி என்று அழைத்து அவனைக் கோபப்படுத்தாதிருங்கள். மெய்யாகவே அந்த அடையாளங்கள் காணப்பட்டால், ராம் வாங்குகிற பேச்சையே நிறுத்திவிட்டு உதவி தேடுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் என்னும் பிரிவு நடந்துவருகிறது. 14416 என்னும் அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். மருத்துவரிடம் போவது அவிசுவாசமல்ல, ஜெபத்தோடு போங்கள்.

அன்பான பெற்றோரே, இன்னும் ஒன்றைச் சொல்ல என் உள்ளம் ஏவப்படுகிறது. பல பிள்ளைகள் "பிராஜெக்டுக்கு வேண்டும்" என்று சொல்லி ராம் கேட்கிறார்கள். படிப்பென்றால் அப்பா கொடுப்பார், விளையாட்டென்றால் திட்டுவார் என்று அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் அவர்களுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்தது யார்? கேம் மாத்திரமல்ல, நம்முடைய வீட்டின் பயமும் கற்றுக்கொடுத்தது. "அப்பா, விளையாடத்தான் கேட்கிறேன்" என்று மகன் தைரியமாய்ச் சொல்லவும், அதைத் தகப்பன் பொறுமையாய்க் கேட்கவும் கூடிய வீடு, ராம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஆசீர்வதிக்கப்பட்ட வீடு.

இப்பொழுது கேள்விக்கு என் பதில் இதுவே. இயந்திரத்திற்கு ராம் தேவை என்று கண்டு, விளையாட்டு தகுதியானதாயிருந்து, பிள்ளையும் நேரம் முடிந்ததும் எழுந்து வரக்கூடியவனாயிருந்தால், கடன்படாமல் வாங்கிக் கொடுங்கள். பாதிப் பணத்தை அவன் தன் சேமிப்பிலிருந்து போடட்டும். லேப்டாப் கூடத்திலேயே இருக்கட்டும். குடும்ப ஜெபத்தின் நேரமும், தூங்கும் நேரமும், ஞாயிறு ஆராதனையும் அசையாதவைகளாயிருக்கட்டும். இந்த நிபந்தனைகளை அவனோடு கலந்து பேசி, அவனுடைய கையினாலேயே எழுதச் சொல்லுங்கள். இயந்திரத்திற்குத் தேவையில்லையென்றால், அந்தத் திரையை அவனுக்கே காண்பித்து, காரணத்தோடு மறுத்துவிடுங்கள். வீட்டில் பணமில்லையென்றால், பணமில்லை என்று சொல்லுங்கள். அதற்கு ஆவிக்குரிய காரணம் ஒன்றைக் கற்பித்துச் சொல்லாதிருங்கள். வாடகையும் ஊருக்கு அனுப்புகிற பணமும் எவ்வளவென்று அறிந்துகொள்ளும் வயது அவனுக்கு வந்துவிட்டது.

இந்த வாரத்தில் ஒரு மாலை, ஓவர்டைமை விட்டு, மகனுக்கு அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அவன் என்ன விளையாடுகிறான், யாரோடு விளையாடுகிறான் என்று கேளுங்கள். கணக்கு அங்கேயே ஆரம்பிக்கட்டும்.

கர்த்தர் உங்கள் வீடுகளிலே ஞானத்தையும் சமாதானத்தையும் பெருகப்பண்ணுவாராக. ஆமென்.