டவுனுக்கு அழகு டைல்ஸ் மட்டும்தானா?

தாம்பரம் இப்போது மாநகராட்சி. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி, 70 வார்டுகளோடு உருவாக்கினார்கள். அபார்ட்மென்ட்டுகள் வளர்ந்துகொண்டே போகின்றன. ஆனால், ‘டவுன் எங்கே இருக்கு?’ என்று மேற்குத் தாம்பரத்தில் கேட்டுப் பாருங்கள். சண்முகம் ரோட்டுப் பக்கம்தான் கை காட்டுவார்கள்.

காரணம் ரயில். 1931-ல் சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஸ்டேஷனில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, வீட்டுக்குப் போகிற வழியில் கீரை, பூ, பழம், பிள்ளைகளுக்கு நோட்டு என்று வாங்கிப் போகிற கூட்டம்தான் கடைவீதியை வளர்த்தது. நடந்து வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற கடைத்தெரு அது.

இப்படிப்பட்ட ஒரு கடைத்தெருவைப் புதுப்பிக்கலாம் என்று பேச்செடுத்தால் முதலில் காதில் விழுவது என்ன? ‘கார் நிறுத்த இடம் வேணும். பிளாட்பாரக் கடைகளை எடுக்கணும்.’ கார் நிறுத்த இடம் வேண்டியதுதான். ஆனால், கணக்கை அங்கிருந்து தொடங்கினால் விடை தப்பாகிவிடும். காரில் வருகிறவர் எத்தனை பேர், ரயிலிலும் பஸ்ஸிலும் இறங்கி நடக்கிறவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ண வேண்டாமா?

தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்கள். தாத்தா பாட்டிகளும் ஸ்ட்ரோலர் தள்ளுகிற அம்மாக்களும் பயப்படாமல் நடக்க முடிகிறது. நடக்க இடம் கிடைத்தால் ஜனம் நின்று நிதானமாகக் கடை பார்க்கும். வியாபாரத்துக்கு அதுதானே வேண்டும்?

பிளாட்பாரக் கடை விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எந்த இடத்தில் கடை போடலாம் என்பதில் நகர விற்பனைக் குழுவின் யோசனையைக் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பூக்கட்டும் அக்காவுக்கும் பிளானில் ஒரு நாற்காலி உண்டு என்று அர்த்தம்!

இன்னொன்று. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, தென் மாவட்ட பஸ்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஊருக்குப் போகிற கூட்டத்துக்குத் தனி இடம் வந்துவிட்டது. தாம்பரத்தின் நடுமையத்தை உள்ளூர்க்காரர்களுக்காக யோசிக்க இது நல்ல நேரம்.

பெரிய பட்ஜெட் வருவதற்கு முன்னாலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. வெயிலுக்கு நிழல், சுத்தமான பெண்கள் கழிப்பறை, மழைத்தண்ணீர் வடிய வழி, உட்கார நாலு பெஞ்ச், சரக்கு வண்டிக்குக் காலையில் தனி நேரம். டைல்ஸும் கலர் லைட்டும் அப்புறம் வரட்டும்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஏரியா சபையில் சொல்லலாம். 2022 நவம்பர் 1-ல் தமிழக நகரங்களில் ஏரியா சபைக் கூட்டம் நடந்தபோது, முதல்வர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது இதே மாநகராட்சியின் பம்மலில்தான். உங்கள் ஊர் தாம்பரமோ, ஆவடியோ, அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். போகும்போது, தினமும் உங்களுக்குக் காய் தருகிற அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தெருவை அவரைவிடத் தெரிந்தவர் யார்?