பூட்டிய அலமாரியும் புதிய சட்டமும்

தோழனே!

"துப்பாக்கிகளைத் தடை செய்!" என்று மேடையேறி முழங்குவது எளிது. முழங்கியவருக்கு மாலை விழும். மண்டபம் அதிரக் கைதட்டல் எழும். ஆனால் சட்டம் என்பது கைதட்டலோடு முடிகிற காரியமல்ல. கதவைத் தட்டவேண்டிய காரியம். யாருடைய கதவை? நேற்றுவரை உரிமம் பெற்று, கட்டணம் கட்டி, அலமாரியிலே பூட்டி வைத்து, எவருக்கும் இன்னல் செய்யாது வாழ்ந்தானே, அந்தக் குடிமகனின் கதவை! அவனிடம் என்ன சொல்லப்போகிறோம்? அதைத்தான் இன்று உன்னோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

கடல்கடந்து நியூசிலாந்துக்கு வா. 2019, மார்ச் 15, வெள்ளிக்கிழமை. கிறைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகைக்குக் கூடியிருந்த மக்கள்மீது, இனவெறி தலைக்கேறிய ஒருவன் குண்டுமாரி பொழிந்தான். 51 உயிர்கள் மாய்ந்தன. அழுது ஓய்ந்துவிடவில்லை அந்நாடு. ஆறே நாளில் பிரதமர் ஜசிண்டா ஆர்டெர்ன் தடையை அறிவித்தார். ஏப்ரல் 10ஆம் நாள் பாராளுமன்றம் வாக்களித்தது. ஆதரவு 119, எதிர்ப்பு ஒன்றே ஒன்று! ஒரு குண்டு பாய்ந்ததும் மறு குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களிலே பெரும்பாலானவை, சிறு ரகங்கள் சில நீங்கலாக, தடைக்குள் வந்தன.

இனி, மேய்ச்சல் நிலத்து உழவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள். முயலும் காட்டாடும் புல்லை அழிக்கின்றன; அவற்றை விரட்ட அவனிடம் ஒரு ரைபிள். நேற்று அது உடைமை; இன்று அது குற்றம். அரசின் முன்னே வந்து நின்று அவன் கேட்கிறான்:

"நான் என்ன பிழை செய்தேன்?"

"பிழை ஏதும் செய்யவில்லை."

"உரிமம் தந்தது யார்?"

"நாங்கள்தான்."

"பிறகு ஏன் பறிக்கிறீர்கள்?"

"உன் குணத்துக்காக அல்ல, அந்தக் கருவியின் குணத்துக்காக. உன்னிடம் இருக்கையில் அது முயலைச் சுடுகிறது. உன்னிடமிருந்து களவுபோனால், கைமாறினால், யாரைச் சுடும் என்று உன்னாலும் சொல்ல முடியாது. எம்மாலும் சொல்ல முடியாது."

நியாயமான விடைதான். ஆனால் விடை மட்டும் போதுமா? போதாதென்று உணர்ந்தது அந்த அரசு. விலை தந்தது. புதிதுபோல் இருந்தால் அடிப்படை விலையிலே நூற்றுக்கு 95, பயன்பட்டதானால் 70, சிதைந்ததானால் 25. டிசம்பர் 20 வரை அவகாசமும் தந்தது. 56,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து குவிந்தன.

"கொலைக்கருவிக்குக் காசா?" என்று நம் தோழர்களிலே சிலர் கொதிப்பர். கொதிப்பு இயல்புதான், கணக்கையும் பார்க்கவேண்டும். அந்நாட்டிலே துப்பாக்கிக்காரருக்கு உரிமம் இருந்தது; ஆனால் பெரும்பாலான ரைபிள்களுக்குத் தனித்தனிப் பதிவேடு அன்று இல்லை. எந்த வீட்டிலே எத்தனை என்பது அரசுக்கே தெரியாது! தெரியாத பொருளைத் தேடிப் பறிப்பது எங்ஙனம்? உடையவனே எடுத்துவந்து தரவேண்டும். விலை தருவது தருமமல்ல, தோழா. சட்டம் நடந்தேறுவதற்கான வழி.

ஆஸ்திரேலியாவை எண்ணிப் பார். 1996, ஏப்ரல் 28. போர்ட் ஆர்தரிலே 35 பேர் சுடப்பட்டு மாண்டனர். பன்னிரண்டே நாளில் நாட்டின் மாநிலங்கள் அனைத்தும் ஒப்பந்தம் கண்டன. பிரதமர் ஜான் ஹோவார்ட், தம் கூட்டணியை ஆதரித்த கிராமப்புற மக்களே சீறி எழுந்த கூட்டத்திலே, சட்டைக்குள் கவசம் அணிந்து பேசினார். எனினும் பின்வாங்கினாரில்லை. தனியார் உடைமையை மத்திய அரசு எடுத்தால் நியாயமான ஈடு தரவேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டம். பணம் எங்கிருந்து? மருத்துவ வரியை வருமானத்தில் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 1.7ஆக ஓராண்டுக்கு உயர்த்தினர். ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகள் அழிக்கப்பட்டன. பாதுகாப்பு ஊருக்கெல்லாம்; ஆகவே பாரமும் ஊருக்கெல்லாம்! துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத எழுத்தரும் ஆசிரியரும் பங்கு செலுத்தினர். இதுவன்றோ நேர்மை!

உடையவனைத் தொடாமலே தடைசெய்த நாடும் உண்டு. 1994இல் அமெரிக்காவிலே சில வகைத் தாக்குதல் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. ஆனால் சட்டத்துக்கு முன்பே வைத்திருந்தவன் வைத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்றனர். நடந்ததென்ன? தடை வருமுன்னே தொழிற்சாலைகள் விரைந்து விரைந்து செய்து குவித்தன. பத்தாண்டுக்குப் பின், 2004இல், அந்தச் சட்டமே காலாவதியாயிற்று. கதவைத் தட்ட அஞ்சிய சட்டம், வாயிலிலேயே நின்று திரும்பிவிட்டது.

நம் நாட்டுக்கும் வருவோம். 2019இல் இந்திய ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை, ஒன்றாக்க எண்ணி, எதிர்ப்புக்குப்பின் இரண்டாக்கினர். மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பாட்டன் விட்டுச்சென்றதாயினும் இதே கணக்குத்தான். அரசு விலை தராது. தகுதியுள்ளவருக்கு நீயே விற்றுக்கொள் என்பது ஏற்பாடு. விற்பதற்கு எல்லோரும் ஒரே ஆண்டிலே சந்தைக்கு வருவர். வாங்கக் கூடியவருக்கோ வரம்பு குறைந்துவிட்டது. விலை என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! எண்ணிக்கையைக் குறைத்தது சரி. அதன் பாரத்தை உடையவன் தோளிலே மட்டும் சுமத்தியது சரியல்ல என்பேன்.

"என் துப்பாக்கி, என் உரிமை; எவரும் தொடாதே!" என்பவருக்கும் விடை சொல்ல வேண்டும். ஐயா, உமது உடைமைக்கு விலை உண்டு, தருகிறோம். தொழுகையிலே வீழ்ந்த அந்த 51 பேருக்கு எந்தச் சந்தையிலே விலை பேசுவது? மீட்கக்கூடிய இழப்பு, மீட்கவொண்ணா இழப்புக்கு வழிவிடத்தான் வேண்டும். ஆனால் வழிவிடுகிறவனை விரோதியாக்காதே என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆகவே, தோழனே, நாளை உன் ஊர்க் கூட்டத்திலே இப்பொருள் பேச நேர்ந்தால், தடை வேண்டுமென்று உரக்கச் சொல். கூடவே, நியாய விலை, போதிய அவகாசம், குற்றவாளியைப்போல் நடத்தாத மரியாதை, இவையும் வேண்டுமென்று அதே குரலிலே சொல். கைதட்டல் சற்றுக் குறையலாம். குறையட்டும்! கதவைத் தட்டும் நாளிலே, உள்ளிருப்பவன் தானே திறப்பான்.