சுறாவுக்கும் கோடிங் வேணும்!

"நான் சுறா ஆராய்ச்சி பண்ணப் போறேன்" என்று உங்கள் ஹாஸ்டலில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "கடிச்சிடாதா?" அடுத்தது, "பேக்கேஜ் எவ்ளோடா?" உண்மையில் கடிக்கிறது இரண்டாவது கேள்விதான்.

நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். திமிங்கிலச் சுறாவின் உடம்பில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட வானியலில் பயன்படுத்திய அல்காரிதத்தை மாற்றி, அந்தப் புள்ளிகளை அடையாளம் காணும் முறையை 2005-ல் மூன்று பேர் வெளியிட்டார்கள். பிராட் நார்மன் கடல் உயிரியலாளர். சாவென் அர்சுமானியன் வானியலாளர். ஜேசன் ஹோம்பெர்க்? நம்மாளு, புரோகிராமர்!

இதற்கு அவசரம் என்ன? 1970-லிருந்து பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டன. முக்கியக் காரணம் அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு. சுறா மெதுவாக வளரும், குட்டிகளும் குறைவு. நம் நாட்டில் 2001-ல் திமிங்கிலச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2015-ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஆனால் எந்த இனம் எவ்வளவு மிச்சம் என்று சட்டம் போய் எண்ணாது. அதற்கு ஆள் வேணும்.

உடனே மீனவர்களை வில்லனாக்கிவிடாதீர்கள். வேறு மீனுக்குப் போட்ட வலையில் சுறாவும் மாட்டுகிறது. சுறாப் புட்டை ருசித்துச் சாப்பிடும் நாமும் இதில் பங்குதான். கடலைப் பற்றி அவர்களிடம் கேட்காமல் செய்யும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சி.

டிவியில் காட்டுகிற மாதிரி தினமும் டைவிங் என்றும் கனவு காணாதீர்கள். விடியற்காலையில் மீன் இறங்குதளத்தில் டேப் வைத்து அளப்பது, பிறகு எக்செல் ஷீட், இதுதான் பாதி வேலை. பல வேலைகள் புராஜெக்ட் முடிந்தால் முடிந்துவிடும். கல்விக் கடன் தலைமேல் இருக்கிறவனிடம் "பேஷனைத் துரத்து" என்று சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனால் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குக் கடன் தடையில்லையே? எத்தனை வருஷத்துக்குத்தான் ஃபேஸ் ரெக்கக்னிஷன் அட்டெண்டன்ஸ் செய்வோம்? போட்டோவை வைத்து சுறா இனத்தைச் சொல்லும் ஒரு ஆப் செய்யுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் மையங்கள் இருக்கின்றன. போய்க் கேளுங்கள். பிடித்துப்போனால், கேட் தேர்விலேயே சூழலியலுக்குத் தனித் தாள் இருக்கு.

பிடிக்கலையா? பரவாயில்லை. அட்டெண்டன்ஸ் எங்கேயும் ஓடிப் போகாது. சுறா அப்படியில்லை.