வேலைக்காரம்மா துப்பறிந்தால் ஏன் கசக்கிறது?

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு துப்பறியும் நாவலைப் பேச எடுத்தோம். பார்பரா நீலி எழுதி, 1992இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பிளாஞ்ச் ஆன் தி லாம்’. ‘தலைமறைவாகிவிட்ட பிளாஞ்ச்’ என்று பொருள். இதில் துப்பறிகிறவர் போலீஸ் அதிகாரி இல்லை, வழக்கறிஞர் இல்லை. வெள்ளையர் வீடுகளில் சமைத்து, துடைத்து, துவைத்துப் பிழைக்கும் ஒரு கறுப்பினப் பெண்.

வந்திருந்த எல்லோரும் முற்போக்காளர்கள். அம்பேத்கர் படித்தவர்கள், பெரியார் படித்தவர்கள், ஏப்ரல் 14க்கும் செப்டம்பர் 17க்கும் தவறாமல் பதிவு போடுகிறவர்கள். அங்கே சொல்லப்பட்ட மூன்று கருத்துகளோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

ஒன்று: “வீட்டுவேலை செய்யறவங்க கொலையைக் கண்டுபிடிக்கிறாங்கன்றது நம்பற மாதிரி இல்ல.”

இரண்டு: “இவ எப்பப் பாத்தாலும் கோவமாவே இருக்கா. மனசு ஒட்டல.”

மூன்று: “கதை நல்லாப் போகுது. நடுநடுவுல நிறவெறி, நிறவெறின்னு பேசி வேகத்தைக் கெடுத்துட்டாங்க.”

முதலில் கதை. பிளாஞ்ச் ஒயிட் வட கரோலினாவில் வாழ்பவர். பிரெஞ்சில் பிளாஞ்ச் என்றால் வெள்ளை. ஆங்கிலத்தில் ஒயிட் என்றாலும் வெள்ளை. கருகருவென்றிருக்கும் பெண்ணுக்கு இரண்டு முறை வெள்ளை என்று பெயர். இறந்துபோன சகோதரியின் இரண்டு பிள்ளைகளை அவர்தான் வளர்க்கிறார். வேலை வாங்கியவர்கள் சம்பளத்தைக் கொடுக்காமல் வெளியூர் போய்விடுகிறார்கள். அவர் எழுதிக் கொடுத்த காசோலைகள் பணமில்லாமல் திரும்புகின்றன. சம்பளம் தராதவர்களுக்குத் தண்டனை இல்லை. பிளாஞ்சுக்கு 30 நாள் சிறை. நீதிமன்றத்தில் எழுந்த சலசலப்பில் அவர் நழுவிவிடுகிறார். பணக்கார வெள்ளையர் குடும்பம் ஒன்றில், வேலைக்கு அனுப்பப்பட்ட ஆளைப் போல நுழைந்து ஒளிந்துகொள்கிறார். பிறகு அங்கே சாவு விழத் தொடங்குகிறது. யார் செய்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்போது முதல் கருத்துக்கு வருகிறேன். நம்பும்படி இல்லையாம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் மில்வர்டன் என்ற மிரட்டல்காரனைப் பற்றி ஒன்று உண்டு. 1904இல் வந்தது. அவன் வீட்டின் உள்விவரம் ஹோம்ஸுக்குத் தேவைப்படுகிறது. என்ன செய்கிறார்? குழாய் பழுதுபார்ப்பவராக வேடம் போட்டு, அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் காதலிப்பதாக ஏமாற்றி, நிச்சயதார்த்தம் வரை போகிறார். வீட்டின் ரகசியம் முழுக்க அந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்பது ஹோம்ஸுக்கே தெரிந்திருக்கிறது. அவருடைய அறிவைத் திருடிக்கொண்டு போனவர் மேதை என்றால் நம்புகிறீர்கள். அந்த அறிவை அவரே பயன்படுத்தினால் நம்ப முடியவில்லையா?

இந்த நம்பிக்கையின்மை ஒன்றும் இயற்கையாக வந்ததல்ல. துப்பறியும் கதைக்குச் சட்டமே எழுதி வைத்திருந்தார்கள். 1928இல் எஸ்.எஸ். வான் டைன் 20 விதிகளை வெளியிட்டார். அதில் ஒன்று, வேலைக்காரரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்கிறது. ஆகா, என்ன கருணை என்று நினைத்துவிடாதீர்கள். குற்றவாளி மதிப்புள்ள ஆளாக இருக்க வேண்டுமாம். அதாவது, கொலைகாரராக இருப்பதற்குக்கூட வேலைக்காரருக்குத் தகுதி போதாது. அடுத்த ஆண்டே ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 10 விதிகள் எழுதினார். கதையில் சீனர் வரவே கூடாது என்பது அதில் ஒன்று. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது, யாருக்கு மூளை உண்டு என்று விதி எழுதுவதை நாம் வேறெங்கும் பார்த்ததே இல்லையா தோழர்களே?

கதைக்குள் வேலைக்காரருக்குக் குற்றவாளியாகும் தகுதி இல்லை. கதைக்கு வெளியே முதல் குற்றவாளியே அவர்தான். 2008இல் நொய்டாவில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது, வீட்டில் வேலை செய்தவர்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று போலீஸ் தேடியது. மறுநாள் அதே வீட்டின் மொட்டை மாடியில் அவருடைய உடல் கிடந்தது. அவரும் கொல்லப்பட்டிருந்தார். மாடிக்கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குக்கூடச் சந்தேகம் வேறு பக்கம் திரும்பவில்லை.

என் அம்மா சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை செய்தவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு வீட்டில் வளையல் காணாமல் போனது. அம்மாவை ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டு அரிசி டிரம்மைக் கவிழ்த்துத் தேடினார்கள். பத்து நாள் கழித்து வளையல் கிடைத்துவிட்டது. அந்த வீட்டுப் பையன் அடகு வைத்திருந்தான். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. “மறுபடி வேலைக்கு வரலாம்” என்று சொல்லியனுப்பினார்கள். அதுதான் அவர்களுடைய பெருந்தன்மை.

அம்மாவுக்கு இது முன்பே தெரியும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. துணி துவைக்கும்போது அந்தப் பையனின் சட்டைப் பையில் அடகுக்கடைச் சீட்டைப் பார்த்திருக்கிறார். ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நம்புவாங்களாடி? பாக்கெட்ட எதுக்குத் துழாவுனேன்னுதான் கேப்பாங்க” என்றார்.

வழக்கை முடித்துவைத்த ஒரே ஆள் அம்மா. ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்டதும் அம்மா. இந்த நாவல் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

இரண்டாவது கருத்து, கோபம். அன்றைய கூட்டத்தில் ஒன்றைக் கவனித்தேன். நாவலில் வரும் வெள்ளைக்கார முதலாளியம்மாவை எல்லோரும் ‘அவங்க’ என்றார்கள். நீதிபதியை ‘அவர்’ என்றார்கள். பிளாஞ்ச் மட்டும் ‘அவ’. தமிழில் ஒரு எழுத்து குறைந்தால் என்ன நடக்கிறது என்பதை நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? மரியாதையை நாக்கிலேயே வெட்டிவிட்டு, அவர் ஏன் கோபப்படுகிறார் என்று கேட்கிறோம்.

ஹோம்ஸ் போதை ஏற்றிக்கொள்வார், நண்பரை மட்டம் தட்டுவார். அது மேதையின் கிறுக்கு. பிளாஞ்ச் முகம் சுளித்தால் மட்டும் மனசு ஒட்டவில்லை. இத்தனைக்கும் அந்தக் கோபத்தை அவர் வீட்டாரிடம் காட்டுவதே இல்லை. அவர்கள் எதிரில் ஒன்றும் தெரியாதவரைப் போல நடிக்கிறார். நமக்கு மட்டும்தான் மனதைத் திறந்து காட்டுகிறார். நாமோ முதலாளியம்மாவைப் போல அதையும் மூடச் சொல்கிறோம்.

அந்த வீட்டில் மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள மம்ஸ்ஃபீல்ட் என்ற இளைஞர் இருக்கிறார். பிளாஞ்சுக்கு அவர்மேல் பிரியம் வருகிறது. உடனே தன்னையே எச்சரித்துக்கொள்கிறார். வேலை வாங்குகிறவர்களைச் சொந்தக் குடும்பமாக நினைத்து உருகுவதை ஒரு நோய் என்றே அவர் சொல்வார். “எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி” என்ற வசனத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த இடம் புரியும். வீட்டில் ஒருத்திக்கு எதற்குத் தனி டம்ளர்?

மூன்றாவது கருத்து, வேகம். கதை விறுவிறுப்பாக இல்லை, கொலைகாரரை முன்பே ஊகிக்க முடிகிறது என்று யாராவது சொன்னால் நியாயம். முடிச்சு அப்படியொன்றும் இறுக்கமானதல்ல. ஆனால் நிறவெறி பற்றிய பேச்சு கதைக்குக் குறுக்கே வருகிறது என்பது தவறு. அதுதான் துப்பறியும் முறையே. வெள்ளையர்கள் அவர் காதுபட எதையும் பேசுவார்கள், ஏனென்றால் அவரை அவர்கள் ஆளாகவே எண்ணுவதில்லை. முதலாளியின் முகம் எப்போது மாறும் என்று படிக்கத் தெரியாத வேலையாளுக்குப் பிழைப்பு இல்லை. அந்தப் படிப்புதான் கொலையையும் படிக்கிறது. நிறவெறியை எடுத்துவிட்டால் இந்த நாவலில் தடயமே மிஞ்சாது.

வரலாற்றையும் பாருங்கள். அமெரிக்காவில் 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுவேலைத் தொழிலாளருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் இடமில்லை. 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் வீட்டுவேலைக்கு இடமில்லை. 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வேலைகளில் பெருமளவில் இருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுவேலைத் தொழிலாளர் உரிமைக்கான 189ஆம் உடன்படிக்கையைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அரசியல் பேசாமல் வேகமாக ஓடும் கதை வேண்டும் என்கிறவர்கள் வீட்டில், யாரோ ஒருவர் அரசியல் பேசாமல் வேகமாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

நீலி 2020இல் மறைந்தார். பிளாஞ்சை வைத்து நான்கு நாவல்கள் எழுதினார். இரண்டாவதில், கறுப்பினத்தவருக்குள்ளேயே வெளுத்த தோலுக்கு இருக்கும் திமிரையும் விடவில்லை. நம் ஆட்கள் என்று சலுகை காட்டாத எழுத்து. அதனால் நானும் நம் வட்டத்துக்குச் சலுகை காட்டவில்லை.

நாவலைப் பற்றி அடுத்து கருத்துச் சொல்லப்போகும் தோழருக்கு ஒரே கேள்வி. பிளாஞ்சின் காசோலை திரும்பியது, உரிய நாளில் சம்பளம் வராததால். உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு இந்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது?