வீட்டுக்கு வழி தெரியாத எலிகள்!

பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவுகூட நார்மல்தான். ஆனால், அந்த ஆண் எலிகளுக்குத் தங்கள் கூண்டுக்குத் திரும்ப வழி தெரியவில்லை!

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் செரில் ரோசன்ஃபெல்ட் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இது. 'டீர் மவுஸ்' என்ற காட்டு எலிகளில், கருத்தரிப்பதற்கு 2 வாரம் முன்பிருந்தே தாய்க்கு பிஸ்பினால் ஏ கலந்த தீனி கொடுத்தார்கள். கடினமான பிளாஸ்டிக் பாட்டில், டின் உணவு டப்பாவின் உள்பூச்சு இவற்றில் பயன்படும் ரசாயனம் அது. உடலுக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரியே வேஷம் போடும்.

குட்டிகளுக்கு அது போனது தாயின் கருவிலும் பாலிலும்தான். பால் மறந்த பிறகு சாதாரணத் தீனி.

வளர்ந்ததும் ஒரு சோதனை. வட்டமான மேடை, சுற்றிலும் 12 ஓட்டைகள். ஒன்றில் நுழைந்தால் மட்டுமே கூண்டுக்குப் போகலாம். மற்ற ஆண் எலிகள் சீக்கிரமே பழகிவிட்டன. இவையோ தேடித் தேடி அலைந்தன. சில எலிகள் கடைசி வரை கண்டுபிடிக்கவே இல்லை.

காட்டில் பெண் எலிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். தேடிப் போக வேண்டியது ஆண்தான். வழி தெரியாதவனுக்கு ஜோடி ஏது? அதைவிட ஆச்சர்யம், பக்கத்திலேயே விட்டும் பெண் எலிகள் இவற்றை அவ்வளவாகச் சீண்டவில்லை. எதை வைத்துக் கண்டுபிடித்தனவோ!

எலிக்கு நடந்தது நம் பிள்ளைகளுக்கும் நடக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. குழந்தைகளின் பால் பாட்டிலில் பிஸ்பினால் ஏ கூடாது என்று அமெரிக்கா 2012-ல் விதி கொண்டுவந்தது. அதற்குச் சொன்ன காரணம் ஆபத்து அல்ல, 'கம்பெனிகளே அதைக் கைவிட்டுவிட்டன' என்பதுதான்.