மரபணுச் சீட்டைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்

"என்ன தம்பி, எனக்குக் கரண்ட் வச்சாலும் பிடிக்காதாமே?" என்று கேட்டார், பக்கவாதத்தில் வலது கை முடங்கிய ஒரு பெரியவர். மகன் கையில் ஏதோ ஓர் ஆய்வகத்தின் மரபணுப் பரிசோதனைச் சீட்டு. பிசியோதெரபி செய்யும் எனக்கு அந்தச் சீட்டு புதிது. அதிலிருந்த பி.டி.என்.எஃப். என்ற பெயர் புதிதல்ல.

நரம்பணுக்களின் இணைப்புகள் வலுப்படத் துணைசெய்யும் புரதம் அது. அதன் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிலருக்கு 66ஆம் இடத்தில் வேலினுக்குப் பதிலாக மெத்தியோனின் அமர்ந்திருக்கும். இது நோயல்ல, உலகில் கோடிக்கணக்கானோருக்கு உண்டு. ஆனால் இவர்களின் நரம்பணுக்கள் வேலைசெய்யும்போது அந்தப் புரதம் குறைவாகவே சுரக்கிறது என்று 2003இல் தெரியவந்தது. விரல் பயிற்சிக்குப் பின் மூளையின் இயக்கப் பகுதியில் வரும் மாற்றமும் இவர்களுக்குக் குறைவு என்று 2006இல் ஜெஃப்ரி கிளைம் குழு காட்டியது. பயிற்சிக்குத் துணையாகத் தலையில் மின்முனை வைத்து 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்சாரம் செலுத்துகிறோமே, அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறுவதும் இதனால்தானோ என்று பலர் ஆராயத் தொடங்கினார்கள்.

ஆராயட்டும். ஆனால் அதற்குள் இந்தப் பரிசோதனையை விற்கக் கடை விரித்துவிட்டார்களே! இந்த ஆய்வுகளில் பல, சில பத்துப் பேரை, அதிலும் இளைஞர்களை வைத்துச் செய்தவை. முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முதியவர்களின் கணக்கு வேறு. வயதாக ஆக மூளை சுருங்குகிறது, மண்டையோட்டுக்கும் அதற்கும் இடையே திரவம் கூடுகிறது, உள்ளே போய்ச் சேரும் மின்சாரத்தின் அளவு மாறுகிறது. கார்பமசெபின் மாத்திரை இந்த மின்தூண்டலின் விளைவை அடக்கக்கூடியது. பெரியவர் நரம்பு வலிக்கு அதைத்தான் சாப்பிட்டுவந்தார். மரபணுவைத் துருவிப் பார்த்தவர்கள் மாத்திரைப் பெட்டியைப் பார்க்கவில்லை.

நான் இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துச் சொல்வது 2011இல் வந்த ஓர் ஆய்வு. கலிஃபோர்னியாவின் இர்வைனில் ஸ்டீவன் க்ராமர் குழு, இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நாள்கணக்கில் கடும் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. குறுகிய பயிற்சியில் தெரிந்த வேறுபாடு, விடாப்பிடியான பயிற்சியில் மறைந்துபோனது. மெத்தியோனின்காரருக்குப் பயிற்சியைக் கூட்ட வேண்டுமே தவிர, நிறுத்தக் கூடாது என்றுதான் இதற்கு நான் பொருள் கொள்கிறேன். பெரியவரிடமும் அதையே சொன்னேன். "அப்ப இன்னும் அரைமணி நேரம் கூடப் பண்ணுவோம்" என்றார்.

அப்பா, அம்மாவுக்காக இந்தப் பரிசோதனையைக் கேட்டு வரும் பிள்ளைகளே, அந்தப் பணத்தைக் கைப்பயிற்சிக்குச் செலவிடுங்கள். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்கள்தான் கை மீள மிகவும் ஏற்ற காலம். அதில் ஒரு வாரத்தைக்கூட இந்தச் சீட்டுக்காக வீணாக்காதீர்கள்.