பெரியப்பா கேட்ட ஸ்கோப்

"நீதான் பத்திரிகையில் இருக்கிறாயே, அம்மா! விலை சகாயமாக ஒரு நல்ல ஸ்கோப் பார்த்துச் சொல்லேன்" என்றார் பெரியப்பா.

என் கையிலிருந்த காப்பி டம்ளர் பாதி வழியில் நின்று விட்டது. காரணம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு இப்போது வயது 82. மேற்குத் தாம்பரத்தில், மாடியும் வேப்பமரமுமாக ஒரு சின்ன வீட்டில் பெரியம்மாவுடன் இருக்கிறார். பார்த்தால் பரம சாது. ஆனால் 1960-களில் மலைமேல் எஸ்டேட் உத்தியோகத்தில் இருந்தபோது, துப்பாக்கியும் தோளுமாக அலைந்த மனிதர். அந்தக் காலத்து மீசைப் படம் ஒன்று கூடத்தில் இன்னும் தொங்குகிறது. காலடியில் ஒரு காட்டுப் பன்றி. பெரியம்மா அந்தப் படத்துக்கு மட்டும் தூசி தட்டுவதில்லை.

"ஸ்கோப்பா? எதற்குப் பெரியப்பா?"

"எதற்கென்றால்? பார்க்கத்தான்."

உள்ளே போய் ஒரு பழைய பெட்டியைக் கொண்டு வந்தார். வேட்டைத் துப்பாக்கியின் தலைமேல் பொருத்துகிற தூரதிருஷ்டிக் குழாய் அது. துப்பாக்கி போய்ப் பல வருஷமாகிறது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதுபோக்கு வேட்டைக்கு அத்தோடு கடுமையான கட்டுப்பாடு வந்தது. பெரியப்பா துப்பாக்கியை ஒப்படைத்து விட்டார். குழாய் மட்டும் எப்படியோ தங்கி விட்டது. கண்ணை வைத்துப் பார்த்தேன். பாசி படர்ந்த கிணறு மாதிரி இருந்தது. உள்ளே பூஞ்சணம்.

"இதில் ஒன்றும் தெரியவில்லையே!"

"அதனால்தானே கேட்கிறேன். சாயங்காலத்தில் ஏரிப் பக்கமிருந்து வரிசை வரிசையாகப் பறவை போகிறது. கொக்கா, நாரையா என்று தெரியவில்லை."

பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர் என்ன சொன்னார், தெரியுமோ?" என்றார்.

வலது கண்ணில் புரை எடுத்தாகி விட்டது. அது நன்றாக இருக்கிறது. இடது கண்ணில்தான் தகராறு. கண்ணுக்குள் நீர் அழுத்தம்; 'கிளாக்கோமா' என்கிறார்கள். ஓரப் பார்வை கொஞ்சம் போய் விட்டது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். பெரியம்மாவிடம் இதில் பாதியைத்தான் இவர் சொல்லியிருக்கிறார்.

"அப்போதெல்லாம் ஒரு மிருகத்தை நான் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பார்த்ததே இல்லை, அம்மா. பார்த்தவுடன் குறி. குறி வைத்தவுடன் வெடி. அதன் பிறகு அது என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? "பெரியப்பா, உங்களுக்கு வேண்டியது ஸ்கோப் இல்லை, பைனாகுலர்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒதுக்கியிருந்த தொகை 8,000 ரூபாய், பென்ஷனிலிருந்து.

வாசக சகோதரிகளுக்கு இது ஆண்கள் சமாசாரம் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கடைக்குப் போகிற வரையில். போன பிறகுதான் தெரிந்தது, கத்திரிக்காய் வாங்கத் தெரிந்தவளுக்குப் பைனாகுலரும் வாங்கத் தெரியும் என்று. இரண்டிலும் பெரிதாக இருப்பதைக் கண்டு மயங்கினால் தீர்ந்தது.

நகரத்துக் கடை ஒன்றில், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது ஆரஞ்சு வர்ணக் கண்ணாடி பளபளக்கிற ஒரு ராட்சசக் கருவி. "180 மடங்கு பெரிதாக்கும், மேடம்! விலை 1,500-தான்" என்றார். பெரியப்பா கண்ணில் வைத்துப் பார்த்தார். எதிர்க் கடை போர்டு பூகம்பத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆடியது. எழுத்துக்களைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கரை வேறு. பெரிதாக்கப் பெரிதாக்க, நம் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகிறது என்பதை அந்தக் கடைக்காரர் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லப் போகிறார்?

பைனாகுலர் மேல் 8×42 என்பது போல இரண்டு எண் போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு அருகே காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் குறுக்களவு, மில்லிமீட்டரில். (பெரியப்பாவின் பழைய குழாயில் 4×32 என்று இருந்தது. பாஷை ஒன்றேதான், உபயோகம்தான் வேறு.) இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தே கால். 50-ஐ 7-ஆல் வகுத்தால் ஏழு சொச்சம். ஏழுதானே அதிகம், அதுதானே நல்லது என்று கேட்பீர்கள். வாலிபக் கண்ணுக்கு, அதுவும் இருட்டில், சரி. வயதானவர்களின் கண்மணி இருட்டில்கூட 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிவது அபூர்வம். மிச்ச வெளிச்சம் வீண். கழுத்தில் கனம் மட்டும் மிச்சம். ஆழாக்கு வயிற்றுக்குப் படி அரிசி வடித்த கதைதான். 8×25 என்று சட்டைப் பையில் அடங்குகிற பொம்மை மாதிரிக் கருவிகளும் உண்டு. பட்டப் பகலில் பரவாயில்லை. பறவை கூடு திரும்புகிற அந்தி நேரத்தில் மங்கி விடும். ஆகவே 8×42, அல்லது 8×40. கை நடுங்குகிறவர்களுக்குப் 10 மடங்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது உருவம். இடுப்பு வளைந்து, தோள் அகன்ற பழைய மாதிரி ஒன்று. இரண்டு நேர்க் குழாயைச் சேர்த்துக் கட்டியது போன்ற புது மாதிரி ஒன்று. வெறும் லென்ஸ் மட்டும் இருந்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்தத்தான் உள்ளே பட்டகக் கண்ணாடிகள். நேர்க் குழாய் மாதிரியில் அந்த வேலையைச் சுத்தமாகச் செய்ய நிறையச் செலவாகும். அதனால் 5,000-லிருந்து 10,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு, நாகரிகம் குறைந்த அந்த வளைந்த மாதிரிதான் பெரும்பாலும் தெளிவான படம் தருகிறது. கொஞ்சம் பருமன், மழைக்குக் கொஞ்சம் பயம், போகட்டும். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் விளம்பரப் பக்கம் அல்ல.

மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். கண் வைக்கிற இடத்து ரப்பர் விளிம்பு மடங்க வேண்டும். மடக்கிய பிறகு வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும். சாவித் துவாரத்தில் பார்ப்பது போல இருந்தால், திருப்பிக் கொடுத்து விடுங்கள். காதருகே வைத்து லேசாகக் குலுக்கிப் பாருங்கள், தேங்காயைக் குலுக்குவது போல. ஆனால் இதில் சத்தம் வரக்கூடாது. வாசலுக்கு வந்து, தூரத்துப் போர்டு ஒன்றை ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். இரட்டையாகத் தெரிந்தாலோ, நெற்றிப் பொட்டு வலித்தாலோ, இரண்டு குழாயும் ஒரே திசையில் பார்க்கவில்லை என்று அர்த்தம். தபாலில் வரவழைக்கிறவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்து விட வேண்டும்.

பலர் வீட்டில் பைனாகுலர் வாங்கியும் பரணில் கிடப்பதற்குக் காரணம், வலது கண் பக்கத்து வளையத்தை யாரும் திருப்புவதில்லை. முதலில் வலது குழாயை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி, இடது கண்ணுக்கு ஒரு போர்டைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தைத் திருப்பி அதே போர்டைத் தெளிவாக்குங்கள். அப்புறம் அந்த வளையம் உங்களுடையது. யாரையும் தொட விடாதீர்கள். பெரியப்பா மாதிரி இரண்டு கண்ணும் இரண்டு தினுசாக இருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. 'ஒரு கண் கருவி பாதி விலைதானே' என்று நானும் யோசித்தேன். ஆனால் இடது கண்ணில் நடுப் பார்வை இன்னும் இருக்கிறது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் களைப்பு குறைவு, கையும் நிலைக்கிறது.

7,200 ரூபாயில் முடிந்தது. பாக்கி 800-ஐ பெரியம்மாவிடம் கொடுத்தார். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கி முடிந்துகொண்டாள். முறுக்கு டப்பா ஒன்றையும் தியாகம் செய்தாள். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் பிழைத்தது. புடவைத் தலைப்பால் மட்டும் துடைத்து விடாதீர்கள். தூசியை முதலில் ஊத வேண்டும். சூரியனைப் பார்க்கவே கூடாது. குழந்தைகள் கையில் இருக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாலையில் வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டோம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடில் செங்கற்பட்டைத் தாண்டி, படாளத்தில் திரும்ப வேண்டும்.

அந்த ஊருக்கும் துப்பாக்கிக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்களாம். கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று 1798-ல் எழுத்தாகவே வாங்கி விட்டார்கள். ஜீவகாருண்யம் மட்டும் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சர்க்கார் அதைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-ல்தான்.

வழியில் இதைச் சொன்னேன். பெரியப்பா பதில் சொல்லவில்லை. பறவை அறிஞர் ஸாலிம் அலி சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் சுட்ட ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டுதான், அது என்ன ஜாதி என்று கேட்கப் போய், அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் கொண்டு சேர்த்தது என்பதையும் சொன்னேன். "அவனுக்குப் பத்து வயசில் புத்தி வந்தது" என்றாள் பெரியம்மா, ஜன்னலைப் பார்த்தபடி.

கரையில் நின்றோம். நீரில் கால் ஊன்றி நிற்கும் மரங்களில் இலை தெரியாமல் பறவை. நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று பலகையைப் பார்த்துப் பார்த்து நான் பெயர் படித்தேன். பெரியப்பாவின் காதில் ஒன்றும் விழவில்லை. ஒரு கூழைக்கடா கூட்டில் வந்து இறங்கியது. குஞ்சு ஒன்று எழுந்து, அதன் அலகுப் பைக்குள் தலையைக் கழுத்து வரை நுழைத்து, உள்ளிருந்து இரை எடுத்துத் தின்றது. பெரியப்பாவின் கை நடுங்கவில்லை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி நிற்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று.

"கொடுங்கள் இப்படி, நானும் பார்க்கிறேன்" என்று கையை நீட்டினாள் பெரியம்மா.

"இரு, இரு. இன்னொரு குஞ்சு பாக்கி இருக்கிறது."